நாப்பத்தொண்ணு வந்தாச்சா?

1

இந்தக் கதை ஒரு நாற்காலியில் கிடைத்தது. சித்தப்பா விழாக்களுக்கு நாற்காலியும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறவர். நாற்காலிக்கு வெள்ளை உறை மாட்டிப் பின்னால் நாடா கட்டுவது என் வேலை. பல்கலைக்கழக அரங்கில் கட்டிக்கொண்டிருந்தபோது, உறை போடாத கடைசி வரிசையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

கீழே உள்ளதில் பாதி நடந்தது. எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அள்ளி அள்ளிக் கொடுத்த அந்த வள்ளலின் கண்களில்—"

அடித்துவிட்டேன். நான் பார்த்தது அவர் முதுகை.

பிறகு: "பசியென்றால் என்னவென்று அறிந்த அவர்—"

இதுவும் வேண்டாம். பணக்காரரின் பழைய பசியை எழுதினால் படிப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

சரி, காதில் விழுந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

"எந்திரிங்க பெரியவரே, உறை மாட்டணும்," என்றார் சித்தப்பா.

"மாட்டுங்க, நகர்ந்துக்கிறேன்."

"இன்னிக்கி பெரிய ஆளு ஒருத்தர் வர்றாராம். இங்கயே படிச்சவராம். நூலகம், விடுதி எல்லாம் கட்டிக் குடுத்தவரு. அவரப் பாக்கவா வந்தீங்க?"

"பாக்கலாம்னுதான். வருவாரான்னு தெரியல."

"வராம எங்க போவாரு? சால்வை போடுறாங்கல்ல."

வாசலில் அவருடைய படம் ஆளுயரத்துக்கு நின்றது. அதைக் கட்டியவரே சித்தப்பாதான்.*

* படத்தில் முடி கறுப்பாக இருந்தது, நேரில் அடையாளம் தெரியாமல் போனது தன் தப்பில்லை என்பது சித்தப்பாவின் கட்சி.

3

ஒரு வள்ளல் ஏன் கடைசி வரிசையில் உட்காரவேண்டும்? இதற்குப் பதில் இல்லாமல் பல நாள் கதை நகரவில்லை. பிறகு அவருக்கு ஓர் இளமையைக் கொடுத்தேன்.

விடிவதற்கு முன்னால் ரொட்டிக் கடை அடுப்பில் வேலை. அது முடிந்து வகுப்புக்கு ஓட்டம். சட்டையில் மாவு. கூடப் படித்தவர்கள் வைத்த பெயர் பன்னு. வருகைப் பதிவில் நாற்பத்தொன்று.

பேராசிரியர் நாற்பதைக் கூப்பிட்டதும் நாற்பத்திரண்டுக்குத் தாவிவிடுவார். கடைசி எண் வரை போய்த் திரும்பி வந்து, வாசலைப் பார்த்து, "நாப்பத்தொண்ணு வந்தாச்சா?" என்பார். பதில் இல்லையென்றால் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பிப்பார், ஓரத்திலிருந்து ஓரம் வரை, சுத்தமாக இருக்கும் பலகையைக்கூட. துடைத்து முடிப்பதற்குள் தாழ்வாரத்தில் காலடி கேட்கும். "உள்ளேன் ஐயா."

(இவ்வளவு நல்ல மனிதரை யார் நம்புவார்கள்? கொஞ்சம் வாய்த்துடுக்கும் சேர்த்தேன். "என்னடா, ரொட்டி வெந்துச்சா, நீ வெந்தியா?")

பன்னு பெரிய ஆளான பிறகு எத்தனையோ பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள். கார் ஓட்டுநர், வங்கிக்காரர், கையெழுத்துக்கு நிற்கிறவர். ஆனால் இவன் வராமலே போய்விடுவானோ என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்க யாரும் இல்லை. கட்டடம் கட்டடமாகக் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு திறப்பு விழாவிலும் அவரை நேரே மேடைக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் நிற்க யாரும் விடவில்லை.

(நான் பள்ளியிலிருந்து நின்ற வாரமே என் எண்ணை அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். யார் மேலும் குறையில்லை. இது இந்தக் கதையில் வராது.)

4

சித்தப்பா ஒலிபெருக்கியைச் சரிபார்க்க வெளியே போனார். மைக் மேசைமேல் கிடந்தது.

"அம்மாடி, அது வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க."

"எனக்கு ஒண்ணு கூப்பிடுவியா? நாப்பத்தொண்ணு வந்தாச்சான்னு. அவ்வளவுதான்."

"நானாங்க? எனக்கு மைக்ல பேசிப் பழக்கமில்ல."

"எனக்கும்தான். வாயத் திறக்குறதுக்குள்ள கைதட்டிடுறாங்க."

அவர் எழுந்து வெளியே போனார். கதவை ஒருக்களித்துவிட்டுத் தாழ்வாரத்திலிருந்து சொன்னார்: "ஓட முடியாது இப்ப. வேகமா நடப்பேன்."

5

ஒரு முடிவு: கூப்பிடுகிறேன், அவர் வருகிறார், இருவரும் அழுகிறோம். இது என் ஆசை. ஆசையை முடிவு என்று எழுதக்கூடாது.

இன்னொன்று: மாலையோடு வந்தவர்கள் அவரைத் தாழ்வாரத்திலேயே மடக்கிப் பக்கவாட்டு வழியாக மேடைக்குக் கொண்டுபோகிறார்கள். பட்டங்களோடு பெயர் படிக்கப்படுகிறது. அவர் எழுந்திருக்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறார். உண்மைபோல் இருப்பதாலேயே இதை வைக்க மனம் வரவில்லை.

மூன்றாவது: நான் மைக்கை எடுத்து, வாயருகே கொண்டுபோய்—

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவர் இன்னும் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், கை கைப்பிடியில். மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. கேட்கவேண்டியது தலைப்பில் இருக்கிறது. நீங்கள் வாய்விட்டுப் படித்தால் போதும், சத்தமாக வேண்டாம்.

அவசரமில்லை. நான் பலகையை இந்த ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் துடைப்பேன்.