வெள்ளை டைல்ஸில் ரெட் ஆக்சைடு

"இது ஊடா, பெயிண்ட் கடையா? சனிக்கெழம சாயந்தரம் வந்து பாப்பேன். செவுரு வெள்ளையா இருக்கணும். இல்லனா ஒண்ணாந்தேதி காலி பண்ணிக்கினு போய்க்கினே இருங்க."

வீட்டுக்காரி ஜானகியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் பாத்ரூமைப் பார்த்தபடி சொன்னாள். இடுப்பு உயரம் வரை வெள்ளை டைல்ஸ் செம்மண் நிறத்தில் இருந்தது.

அப்பா சின்னதுரைக்கு, கும்மிடிப்பூண்டியில் இரும்பு கர்டர்களுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்கிற வேலை. கம்பெனியில் ஆறு ஷவர் இருக்கிறது. நிரந்தர ஆட்களுக்கு மட்டும். கான்ட்ராக்ட் ஆட்கள் அப்படியே வீட்டுக்கு வரவேண்டும். அப்பா தினமும் பனியன் வேஸ்ட் துணியைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்து உடம்பைத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார். கரைந்தது சுவரில் தெறித்துக் காயும். பதினோரு மாதமாக அப்படிக் காய்ந்து காய்ந்து ஏறிய கறை அது.

தங்கை மோனிகாவுக்கு அடுத்த மாதம் பிளஸ் டூ பரீட்சை. இப்போது வீடு மாறினால் அவள் படிப்பு அவ்வளவுதான். நானும் அதே கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்து, மூன்று மாதம் முன்பு விட்டவன். வீட்டில் சும்மா கிடப்பவன் நான் மட்டும்தான்.

முதல் நாள் ஆசிட் ஊற்றினேன். பெயிண்ட் அசையவில்லை. டைல்ஸுக்கு நடுவில் இருந்த வெள்ளை சிமெண்ட் நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது. அந்தப் பள்ளத்துக்குள்ளும் சிவப்பு. ஆத்திரத்தில் பிரஷ்ஷை உடைத்தேன்.

அடுத்த நாள் துணியைத் தின்னரில் நனைத்துச் சுவரில் ஒட்டி, காய்ந்துவிடாமல் மேலே பிளாஸ்டிக் கவரை விரித்து, அரை மணி நேரம் விட்டேன். பெயிண்ட் தோல் மாதிரி உப்பிக்கொண்டது. சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டால் சுரண்டினேன். ஒரு வரிசை முடித்தால் தலை சுற்றும். வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வருவேன். மோனிகா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைசி டைலும் வெளுத்தது. பள்ளங்களில் வெள்ளை சிமெண்ட்டை விரலாலேயே அடைத்தேன்.

நாலரைக்கு அப்பா வந்தார். இமை வரை சிவப்பு. உள்ளே எட்டிப்பார்த்தார்.

"இன்னாடா, ஆஸ்பத்திரி மாரி கீது!"

பக்கெட்டை எடுத்தார். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"உள்ள போவாத. அந்தம்மா இப்ப வரும்."

"அப்ப நான் எங்கடா குளிக்கறது?"

"எங்கனா குளி. உன் கம்பெனில போய்க் குளி!"

அவர் பக்கெட்டை வைத்துவிட்டு வாசற்படி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஜானகியம்மாள் வர ஆறேகால் ஆனது. அதுவரை அங்கேயே இருந்தார்.

அவள் விரலால் சுவரைத் தடவிப் பார்த்தாள். "நல்லாதான் கீது. இனிமே இப்டியே வெச்சிக்கணும், சொல்லிட்டேன். இன்னா சின்னதுரை, நீ இனிமே பின்னால கால்வா பக்கம் குளிச்சிக்கோ."

"சரிம்மா," என்றார் அப்பா.

நான் சொன்னதைத்தான் அவள் சொன்னாள். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. பின்பக்கம் நாலு வீட்டுப் பெண்கள் பாத்திரம் கழுவுகிற இடம்.

அவள் தெருமுனை தாண்டியதும் அப்பா பக்கெட்டோடு பின்பக்கம் நடந்தார். நான் அதைப் பிடுங்கி பாத்ரூமுக்குள் வைத்தேன்.

"உள்ள போ."

"டேய், அந்தம்மா இன்னா சொல்லிச்சி? பாப்பாக்குப் பரீட்ச கீதுடா."

"தெரியும். உள்ள போன்னேன்!"

கதவைச் சாத்தினேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. துணியைத் தின்னரில் நனைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். சுவரில் தெறித்ததை ஈரத்தோடு துடைத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். பதினோரு மாதமாக இதை யாரும் செய்யவில்லை. அவர் வேலையிலிருந்து வருகிற நேரமெல்லாம், நைட் ஷிஃப்ட்டை விட்ட பிறகும்கூட, நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"சீக்கிரம் வாப்பா," என்று கத்தினேன். "காயறதுக்குள்ள தொடைக்கணும்."