சூடேறாத டயர்

ஹெஸ்டர் சாண்ட்விச்சுக்கு வெள்ளரிக்காயை ஒரே கனத்தில் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்துத் துண்டுக்கு ஒருமுறை கத்தியை நிறுத்தி, எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணி பெரில், கறுப்பு உடைக்கு மேல் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ரொட்டிகளுக்கு வெண்ணெய் தடவினாள். சவ வண்டி பத்தரைக்கு வரும். மணி பத்தாகியிருந்தது.

"முப்பது வருஷமா ரேஸ் ஓட்டுறான். எந்தக் குளிருக்கு எந்த டயருன்னு தெரியாதா அந்த மனுஷனுக்கு?" என்றாள் பெரில். "அந்தக் கிளப் நார்மன் நேத்து ஃபோன்ல சொல்றாரு, அன்னைக்குக் காலையில அந்த டயரை அவரு தோட்டத்துத் தள்ளுவண்டிக்குக்கூட மாட்டியிருக்க மாட்டாராம்."

"நார்மனுக்கு எல்லாம் தெரியும்."

"அவருக்குத் தெரியுது. எம் புருஷனுக்குத் தெரியல. வீம்பு. வேற என்ன?"

கிளைவ் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பெரில் இன்னும் அழவில்லை, கோபப்பட்டுக்கொண்டே இருந்தாள். சவப்பெட்டியின் மேல் வைக்க அவனுடைய பந்தயக் கிளப் டையைக் கிளப்காரர்கள் கேட்டார்கள். "அந்தக் கிளப்தானே கொன்னுச்சு" என்று தர மறுத்துவிட்டாள்.

ஹெஸ்டர் அடுத்த வெள்ளரிக்காயை எடுத்தாள். இன்று சொல்லிவிட வேண்டும். பெட்டியைக் குழியில் இறக்குவதற்கு முன்பு சொல்லிவிட வேண்டும். நேற்றும் அப்படித்தான் நினைத்தாள். அதற்கு முந்தைய நாளும்.

பன்னிரண்டு வருடங்களாக அவளும் அண்ணனும் ஒரே காரைத்தான் ஓட்டினார்கள். கூரையில்லாத, அரை டன்கூடத் தேறாத சின்னக் கார். ஹேக்ஸ்டன் மேட்டில் ஒவ்வொருவராகத் தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஏற வேண்டும். மொத்தமே நாற்பது நொடி. அந்த நாற்பது நொடிக்குள் டயர் சூடேறிப் பிடிக்க வேண்டும். கனமான கார் டயரை அமுக்கிச் சூடாக்கிக்கொள்ளும். இந்தக் கார் தரையில் உட்கார்ந்ததே தெரியாது. போர்வை சுற்றிச் சூடாக்க அனுமதி இல்லை. புறப்படும் இடத்தில் பின்சக்கரங்களைச் சுழற்றிக்கொள்ளலாம். முன்சக்கரங்களுக்கு அந்த வழியும் கிடையாது.

அதனால் மென்மையான ரப்பர்தான் சரி. எடுத்த எடுப்பில் பிடிக்கும். அதற்கு அடுத்த ரகத்தை, நடுத்தரத்தை, யாராவது ஒருமுறை ஓட்டிச் சூடாக்கித் தர வேண்டும்.

ஒரே காரை இருவர் ஓட்டினால் முதல் ஆளுக்குக் குளிர்ந்த டயர், இரண்டாம் ஆளுக்குச் சூடான டயர். கிளைவ் வேகக்காரன் என்பதால் எப்போதும் இரண்டாவது. "நீ சுட வை, நான் வந்து சாப்பிடுறேன்" என்பான். டயரைத் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. சாலையின் வெப்பம், காற்றழுத்தம், நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவாள். அவன் அதைத் திறந்தே பார்த்ததில்லை. "நோட்டுக்காரி சொன்னா சரி" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வான்.

அந்தச் சனிக்கிழமை சாலை ஒன்பது டிகிரி. அதையும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே "நடுத்தரம்" என்று எழுதியிருந்தாள். காரணம் எழுத வேண்டிய கட்டத்தை மட்டும் வெறுமனே விட்டிருந்தாள்.

"பெரில், அந்த டயரை எடுத்துக் கொடுத்தது நான்தான்."

"நீதானே எப்பவும் எடுப்ப. பாத்துட்டு வேணாம்னு அவன்ல சொல்லியிருக்கணும்?"

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஹெஸ்டருக்குத் தோன்றியது. சொன்னதாகவும் ஆகும். கத்தியைக் கீழே வைத்தாள்.

"வண்டியில மெத்து டயரும் இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. நான் வேணும்னேதான் எடுக்கல."

பெரில் ரொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"மெத்து டயருன்னா முதல்ல போறவங்க, ரெண்டாவது போறவங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நடுத்தரம்னாதான் ரெண்டாவது ஆளுக்கு லாபம். அன்னைக்கு ரெண்டாவது ஆளு நான்."

"நீ எப்பவும் முதல்லதானே போவ."

"பேரு குடுக்குற ஃபாரத்துல நான்தான் மாத்தி எழுதினேன். கிளைவ் பட்டியலைப் பாத்துட்டு, 'என்ன, என்னைய முதல்ல போட்டிருக்காங்க'ன்னான். அவங்களே மாத்திட்டாங்க போலன்னு சொன்னேன்."

வெண்ணெய்க் கத்தி நின்றது.

"அவன் என்ன சொன்னான்?"

"'சரி, இன்னைக்கு நான்தான் சமையக்காரன்'னு சிரிச்சான்." ஹெஸ்டர் ஒரு வெள்ளரித் துண்டை நேராக நகர்த்தி வைத்தாள். "ரெண்டாவது வளைவுல ஸ்டீயரிங் திரும்பியிருக்கு. காரு திரும்பல."

"எவ்வளவு?" என்றாள் பெரில்.

"என்னது?"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. எப்பவும் எவ்வளவு நேரம் வித்தியாசம் வரும்?"

"ஒரு நொடிய நூறாப் பிரிச்சா... அதுல பன்னெண்டு."

பெரில் தன் விரல்களை ஏப்ரனில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். வாசலில் கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். ஹெஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றாள். பெரில் இறங்கி வந்தபோது அவள் கையில் கிளப் டை இருந்தது. வெளியே போய்ச் சவ வண்டிக்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் பின்கதவைத் திறந்தார். பெரில் டையை நான்காக மடித்து, பூக்களை விலக்கி, பெட்டியின் மேல் வைத்தாள்.

தேவாலயத்தில் முதல் பாட்டு முடிவதற்குள் பெரில் அழத் தொடங்கினாள். தோள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்த ஹெஸ்டர் ஒரு கையைத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் ஊர்க் கூடத்துக்குத் தேநீர் குடிக்க வந்தார்கள். கிளப்காரர்கள் ஒரு மூலையில் கூடிப் பழைய கதைகளைப் பேசினார்கள். நடுவில் யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். நார்மன் தட்டோடு பெரிலிடம் வந்தார்.

"தங்கமான ஆளு. ஆனா அன்னைக்கு மட்டும் அந்த டயரை..." தலையை ஆட்டினார். "கிளைவுக்கு யாரு சொல்றது!"

ஹெஸ்டர் கோப்பையை மேசையில் வைத்தாள். "நார்மன், அது கிளைவ் இல்ல. அது வந்து..."

"வீம்புக்காரன்தான், நார்மன்," என்றாள் பெரில். குரல் உயரவில்லை. "யாரு சொன்னாலும் கேக்க மாட்டான். சாண்ட்விச் எடுத்துக்கோங்க. வெள்ளரிக்கா வச்சது. ஹெஸ்டர் நறுக்கினா."

நார்மன் இரண்டு எடுத்துக்கொண்டார். "எவ்வளவு ஒழுங்கா நறுக்கியிருக்கா பாருங்க" என்றார்.

பெரில் ஹெஸ்டரைப் பார்க்கவில்லை. அடுத்த ஆளிடம் தட்டை நீட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

மூன்று மணிக்குக் கூடம் காலியானது. கூடத்துச் சமையலறையில் நாற்பத்தெட்டுக் கோப்பைகளும் சாசர்களும் கிடந்தன. ஹெஸ்டர் உடையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கழுவத் தொடங்கினாள். சற்று நேரத்தில் பெரில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். ஹெஸ்டர் முதல் கோப்பையை அலசி நீட்டினாள். அதிலிருந்து நீர் சொட்டியது. பெரிலின் கை நீளவில்லை. ஹெஸ்டர் அதைக் கம்பித் தட்டில் கவிழ்த்து வைத்தாள். பெரில் அங்கிருந்து அதை எடுத்துத் துடைத்தாள். அடுத்ததையும் அப்படியே எடுத்தாள்.