கத்துகிற கை

ஆய்வுக்கூடத்தின் தலைவிக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் மிளகாய். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அமைச்சர் பார்வையிட வரும் நாளில், காலையிலேயே அவள் வாயில் வந்து விழுந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. ரோபோ ஆராய்ச்சிக்கு அரசு மானியம் கொடுக்கும் அலுவலகத்தில் அதிகாரி. ரோபோவின் கைமூட்டுகளை அசைக்கும் கியர்பாக்ஸை உள்நாட்டிலேயே செய்யத்தான் அந்த மானியம். செய்தும் விட்டார்கள். ஆனால் அது சுழலும் சத்தத்தில் மாவு மில் தோற்றுப்போகும்.

“அக்கா, இன்னிக்கு மட்டும் அலமாரியில இருக்கிற வெளிநாட்டு கியர்பாக்ஸை மாட்டிடு. மேல நம்ம ஸ்டிக்கரை ஒட்டிக்கலாம். இல்லேன்னா அடுத்த வருஷ மானியம் அம்போதான்.”

“ஊரான் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, நான் பெத்ததுன்னு சொல்லணுமா? போடா.”

ஸ்டிக்கரைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தாள்.

அமைச்சர் வந்தார். ரோபோவின் கை கிறீச்சிட்டுக்கொண்டே இரும்புப் பெட்டியைத் தூக்கி, அலுங்காமல் மேசையில் வைத்தது. அமைச்சர் காதைப் பொத்திக்கொண்டார்.

“ஏம்மா, இந்தக் கத்து கத்துது?”

தம்பி குப்பைக்கூடையைப் பார்த்தான்.

“இப்பதான் சார் பொறந்திருக்கு,” என்றாள் மிளகாய். “கத்தாம இருந்தாத்தான் பயப்படணும்.”