எல்லை கடந்த இல்லாள்

வடக்கிலிருந்து வரும் கரிய ஆறும் மேற்கிலிருந்து வரும் வெளிறிய ஆறும், புதிதாய் மணந்தோர் போல ஒன்றையொன்று தொட நாணி, நெடுந்தொலைவு இருநிறமாய் ஓடிப் பின் ஒன்றாய்க் கலக்கும் துறையிலே, தேயிலைச் சரிவுகளில் தலைசாய்த்து, விடியற்பனியைப் போர்வையாய் நழுவவிட்டுக் கண்விழிக்கும் சிற்றூர் சுவாங்கோ. பேரரசர் நாளில் அது காவற்சாவடி, ஆறு தடம் மாறிப் படகுத்துறை வாய்த்தபின் சந்தை, பொதுவுடைமைக் காலத்தில் உழவர் கூட்டகம், அதன்பின் பேரூராட்சி. பலகை எத்தனை முறை மாறினும், கிழக்கே அக்கரையிலிருந்த தோங்யுவான் மாவட்டத்தின் பிள்ளையாகவே அது வளர்ந்தது. அந்த இலையுதிர் காலத்திலேதான், நோயாளியைச் சுமந்து ஆறு கடக்கும் துயர் தீரும்படி, மேற்கேயுள்ள பாய்லிங் மாவட்டத்தோடு அதனை இணைத்தார்கள், அன்புடையீர்.

ஊரே வெடி கொளுத்தி மகிழ, படகோட்டி தாவ் மட்டும் துடுப்பை மடியிற் கிடத்தி நீரையே நோக்கியிருந்தான். வேனிலில் அவன் மனைவி குய்யுன் இறந்திருந்தாள். இறந்த அன்று மாலையே, ஊர் வழக்கப்படி விளக்கேந்திச் சென்று, கற்பூர மரத்தடியில் வீற்றிருக்கும் ஊர்க்காவல் தெய்வமான கிழவரிடம் இறப்பை அறிவித்தான். கிழவரே உயிரைக் கைப்பிடித்து அழைத்துப்போய், மாவட்டத் தலைநகரின் காவல் தெய்வத்திடம் ஒப்படைப்பார். அவளை ஒப்படைத்தது தோங்யுவானில். நாளை அவனை ஒப்படைப்பதோ பாய்லிங்கில்.

"என்னய்யா, நனைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருக்க?" என்றார் பேரூர்த் தலைவர் பாங்.

"நான் செத்தா மேற்க கூட்டிட்டுப் போயிருவாங்க தலைவரே. அவ கிழக்க இருக்கா. அங்கயும் நான் தனியாத்தான் கிடக்கணுமா?"

"அண்ணிய நிம்மதியா விடுண்ணே! இப்பத்தான் உன் குறட்டையிலேர்ந்து தப்பிச்சிருக்காங்க" என்றான் மீன்காரக் கெங். துறை முழுதும் சிரிப்பு எழுந்தது; எழுந்த விரைவிலேயே அடங்கிற்று.

"எங்கம்மாவும் அங்கதான்ல..." என்று கெங்கே முணுமுணுத்தான்.

தாவ் படகை அவிழ்த்துக்கொண்டு தோங்யுவான் கோவிலுக்குப் போனான். வாயில் பெருக்கிக்கொண்டிருந்த காப்பாளர் மியாவ், அவன் வந்த காரியத்தைத் துடைப்பத்தை ஊன்றி நின்று கேட்டாள்.

"பொண்டாட்டியத் திருப்பிக் கேட்டு வந்த முதல் ஆளு நீதான்யா. என்ன, இரவல் குடுத்த சட்டியா?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. வழி சொல்லுங்க."

அவன் குரலில் இருந்த ஈரம் அவள் முகத்தை மாற்றிற்று. "கொண்டாந்து விட்டது உங்க ஊர்க் கிழவருதானே? அவரே வந்து கேட்டா எங்க ஐயா மாட்டேன்னா சொல்லுவாரு? ஆனா ஒண்ணு, வெறுங்கையோட வராதீங்க. இத்தனை காலம் வச்சுக் காப்பாத்தினவருக்கு நன்றி சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

நல்லதொரு நாளில், மண்ணால் வனைந்த அச்சிறு கிழவரைச் செம்பட்டுப் பல்லக்கில் ஏற்றி, முதற்கொழுந்துத் தேயிலையும் பசையரிசிப் பணியாரமும் மதுவும் சுமந்து, தாவின் படகிலே தலைவரும் கெங்கும் உடன்வர, அக்கரை சேர்ந்தார்கள். கேட்பதற்கு முன்னே நன்றி சொன்னார்கள். பிறகே, தம் ஊரில் இறந்தோர் உயிர்களையெல்லாம் கிழவரோடு அனுப்பும்படி வேண்டினார்கள். தோங்யுவான் மக்களோ வெடி கொளுத்தி வழியனுப்பி, "மாவட்டம் மாறினா என்ன, சந்தைக்கு வந்துருங்க" என்று கைகளைப் பற்றிக்கொண்டார்கள்.

திரும்புகையில் படகில் இருந்தோர் சென்ற அதே மூவர்தாம். ஆயினும், நிறைசூலியை நடத்திச் செல்வான் போல் தாவ் துடுப்பிட்டான்.

"என்னண்ணே, ஆமையா ஊருற?"

"வெரசாப் போனா அவளுக்குத் தலை சுத்தும்."

கெங் இம்முறை சிரிக்கவில்லை. அமர்ந்திருந்த பலகையை விட்டு மெல்ல எழுந்து, ஓரத்தில் போய்க் குந்திக்கொண்டான்.

அன்று மாலையே பாய்லிங் கோவிலில், வந்தவர்களை ஏற்றருளும்படி நறும்புகை எழுந்தது. அதுமுதல் நாள்தோறும் படகை அவிழ்க்குமுன் தாவ் கிழக்கு நோக்கி ஒருமுறையும், மேற்கு நோக்கி ஒருமுறையும் தலைவணங்குவான். ஆள்வோர் கோடுகளை அழித்து வரையலாம். காத்துத் தந்த கரைக்கும் கைநீட்டி ஏற்ற கரைக்கும் இடையே ஓடும் அந்த ஆற்றுக்கோ, இரண்டையும் நனைக்க மட்டுமே தெரியும்.