‘ஸ’ குத்துதா?

"ஒரு நிமிஷம் இங்க வாயேன். ‘ஸ’ குத்துதான்னு சொல்லு."

அன்று காலை என் கணவர் பட்டறை அறையிலிருந்து கூப்பிட்டார். துவைத்த படுக்கை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நிற்காமலே, "இல்லங்க, நல்லாத்தான் இருக்கு" என்றேன். பாட்டு என் காதில் விழவே இல்லை.

காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோது ரெக்கார்டு முடிந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள்.

ஸ்பீக்கர் செய்வதுதான் அவர் தொழில். செய்து முடித்த ஒவ்வொரு ஜோடியையும் ஒரே ரெக்கார்டை வைத்துத்தான் சோதிப்பார். பிரேசில்காரி ஒருத்தி பாடிய போஸா நோவா என்கிற அந்த ஊர் மெல்லிசை. ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதுபோல அடக்கிப் பாடுவாள். "கத்திப் பாடுறவங்க எந்தப் பெட்டியிலயும் எடுபடுவாங்க. மெதுவா பாடுறவங்கதான் பெட்டியோட லட்சணத்தைக் காட்டிக்குடுப்பாங்க" என்பார். அவள் மூச்சு இழுப்பது, கம்பியில் விரல் வழுக்குவது எல்லாம் கேட்க வேண்டும். ‘ஸ’ வருகிற இடம் மட்டும் காதில் குத்தக் கூடாது. குத்தினால் மேல் ஸ்தாயிக்கான குட்டி ஸ்பீக்கருக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்து அதை அடக்குவார்.

முன்பெல்லாம் யாரையும் கேட்க மாட்டார். கடைசி இரண்டு வருஷமாகத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"இத்தனை வருஷமா அந்தம்மாவோட குடித்தனம் பண்ணிட்டு, இப்ப எதுக்கு என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுறீங்க?"

"நீ சொன்னா அவ கேப்பா."

சிரிப்பேன். "நல்லா இருக்கு" என்பேன். அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும், என் வேலையைப் பார்க்கலாம்.

அவர் கடைசியாகச் செய்த ஜோடி ஒரு பல் டாக்டருக்கு. காரியங்கள் முடிந்ததும் வந்து எடுத்துப்போன டாக்டர், சில நாளில் பெட்டிகளைக் காரில் திரும்பக் கொண்டுவந்தார். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் நின்றார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பாடுற அம்மாவுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்த மாதிரி விசிலடிக்குது. அன்னிக்குக் காலைல சார் போன் பண்ணாரு. ‘வீட்ல கேட்டுட்டாங்க, குத்தலையாம், வந்து எடுத்துக்குங்க’ன்னாரு."

பட்டறையில் கூட வேலை செய்த கொழுந்தனார் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்.

"அண்ணி, ரெசிஸ்டரே இல்ல. அப்படியே நேரா இணைச்சு விட்டிருக்காரு."

"மறந்திருப்பாரோ?"

"அண்ணனாவது, மறக்குறதாவது!" கழற்றிய திருகாணிகளைப் பொறுக்கி எடுத்தார். "அவருக்கு அந்தச் சத்தமே கேட்டிருக்காது அண்ணி. வயசானா மேல் ஸ்தாயிதான் முதல்ல போகும்."

பெட்டியை மூடி அதே ரெக்கார்டைப் போட்டார். முதல் முறையாக உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு ‘ஸ’வும் ஊசி மாதிரி இறங்கியது. காதுள்ள யாரும் நல்லா இருக்கு என்று சொல்ல மாட்டார்கள்.

காதை நம்பிப் பிழைத்த மனிதர். காது போயிற்று என்று வாய் விட்டுச் சொல்லக் கூசியிருப்பார். என் காதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஒரு தடவை நான் "குத்துது" என்று சொல்லியிருந்தால் போதும், விஷயம் வெளியே வந்திருக்கும். தொழில் தெரியாத எனக்கும் அது கேட்டிருக்கும். உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொழுந்தனார் ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்தார். பல் டாக்டர் கேட்டுப் பார்த்து, "இப்பப் பல்லு கட்டியாச்சு" என்றார். சொன்ன பிறகு சங்கடப்பட்டார்.

அவர் போனதும் கொழுந்தனார் கூடத்தில் இருக்கிற எங்கள் வீட்டு ஜோடியையும் பிரித்துப் பார்த்தார். போன வருஷம் எனக்கென்று செய்தது.

"இதுலயும் இல்ல. பத்து நிமிஷ வேலை அண்ணி, வெச்சிடவா?"

வேண்டாம் என்றேன்.

அந்த ஜோடியில் இன்னும் ரெசிஸ்டர் கிடையாது.