முந்தின நாள் பாடம்

"காலையில நல்லாத்தான் எந்திரிச்சாவ. பல்லு தேச்சாவ. காப்பி குடுத்தேன், பாதி குடிச்சாவ. நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே சுவத்துல சாஞ்சாவ. ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள..."

அதற்கு மேல் விஜி சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த கழுகுமலைச் சித்தி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கேதத்துக்கு வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழுது, மூக்கைச் சிந்தியதும் எப்படி நடந்தது என்றுதான் கேட்கிறார்கள். முன்னால் வந்தவர்களிடமே விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் புருசனைப் பறிகொடுத்தவள் வாயால் கேட்டால்தான் கேதம் கேட்டதாகக் கணக்கு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் அந்தக் கதை வாய்க்குப் பழகிவிட்டது. அதில் நேற்றுச் சாயங்காலம் மட்டும் இல்லை.

கூடத்தில் பரமசிவன் தாடை கட்டப்பட்டுக் கிடந்தார். அரசாங்க ஆபீஸில் பியூன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் மட்டும் பாக்கி. அதில் தேறினால் கிளார்க் ஆகலாம் என்று யாரோ சொன்னதை அவர் அன்றைக்கே மறந்துவிட்டார், விஜி மறக்கவில்லை. நர்சரி ஸ்கூல் டீச்சர் அல்லவா. தினம் சாயங்காலம் மகள் ஜெயப்பிரியாவின் பக்கத்தில் அவரையும் உட்காரவைத்தாள். மகளுக்கு பிளஸ் டூ, அப்பாவுக்குப் பத்து. கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன்.

மனிதர் இல்லாத வியாதியெல்லாம் வரவழைத்துக்கொண்டார். ஒரு நாள் தலைவலி. ஒரு நாள் கன்னத்துக்குள் பஞ்சை அடக்கிக்கொண்டு பல்வலி. 'வென்ட்' என்று சொல்லும்போது பஞ்சு வெளியே வந்து விழ, மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை.

நேற்று, "நெஞ்சு ஒரு மாதிரி கரிக்குது விஜி. இன்னைக்கு விட்ரேன்" என்றார்.

"அன்னைக்குப் பல்லு, இன்னைக்கு நெஞ்சா? ஓமத்தண்ணி தாரேன். குடிச்சிட்டு இந்தப் பக்கத்தை முடிங்க. அடுத்த வாரம் பரீட்சை."

ஜெயப்பிரியா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "எம்மா, அப்பாவுக்கு வேர்க்குது பாரு."

"வேர்க்கத்தான் செய்யும். படிக்கணும்லா."

அவர் ஓமத்தண்ணியைக் குடித்துவிட்டு, "ஐ வென்ட் டு கழுகுமலை எஸ்டர்டே" என்று தொடங்கி அந்தப் பக்கம் முழுவதையும் சொல்லி முடித்தார். ஒரு தப்பு இல்லை. விஜிக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தரம் தண்ணீர் குடிக்க எழுந்துபோகிற மனிதர் ஏன் இன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாவி, அவரைக் கெட்டிக்காரர் என்று மெச்சிக்கொண்டு தோசைக்கல்லைப் போட்டாள்.

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து சுடலையம்மாள் வந்து சேர்ந்தாள். பரமசிவனுக்கு மூத்தவள், கூடப் பிறந்தவள். அவளுக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள். மழை பெய்த கரிசலில் நடந்து வந்து கணுக்கால்வரை அப்பியிருந்த சகதியோடு தம்பியின் காலடியில் விழுந்தாள். அழுது ஓய்ந்து விஜியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். விஜி சொல்லத் தொடங்கினாள். எந்திரிச்சாவ, பல்லு தேச்சாவ, காப்பி குடிச்சாவ.

மற்றவர்கள் அழ ஆரம்பிக்கும் இடத்தில் சுடலையம்மாள் அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அப்பாவுக்கும் இதே மாரிதான் தாயி. முந்துன நாள் பூரா நெஞ்சு கரிக்குது, நெஞ்சு கரிக்குதுன்னாவ. வாயுன்னு விட்டுட்டோம். எந்தம்பி ஒண்ணும் சொல்லலியா?"

வேறு யாரும் இப்படிக் கேட்கவில்லை. இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று விஜிக்கு இருந்தது. சொன்னால் இவள் அறைந்தாலும் சரி, மண்ணை வாரித் தூற்றினாலும் சரி, கொஞ்சம் மூச்சு விடலாம்.

"மதினி, நேத்து சாயங்காலம்..."

சுடலையம்மாள் காத்திருந்தாள்.

"நேத்து சாயங்காலம் அப்பா நல்லா இருந்தாவ அத்தை."

ஜெயப்பிரியா பின்னால் நின்றிருந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு.

"பாடம் படிச்சாவ. ஒரு தப்பில்லாம சொன்னாவ. தோசை சாப்பிட்டாவ. படுத்தாவ. ஒண்ணும் சொல்லல."

குரல் எங்கேயும் தடுமாறவில்லை. சுடலையம்மாள் பெருமூச்சு விட்டு விஜியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "நீ என்னத்தா செய்வ. ஒரு வார்த்தை சொல்லியிருந்தாம்னா நீ விட்டிருப்பியா?"

விஜி தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். ஜெயப்பிரியா செம்பை அவள் பக்கத்தில் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் அடுத்த கூட்டம் காலைக் கழுவிக்கொண்டிருந்தது. மகள் அவர்கள் உட்காருவதற்குப் பாயை இழுத்து விரிக்கப் போனாள்.