ஹில்துலாவின் சவுனா நடந்து போன புதன்கிழமைகள்

நகராட்சி பட்டியலை வெளியிட்ட ஆறாம் நாள், புதன்கிழமை காலை பத்து மணிக்கு, வெய்யோ ஹில்துலாவின் சவுனா என்னும் நீராவிக் குளியல் குடில் ஏரிக்கரையிலிருந்து எழுந்து, புகைபோக்கியை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டு சிர்க்காவின் தோட்டத்துக்கு நடந்து போனது. அந்தப் பட்டியலில், நியெமிலம்பி என்ற அந்த ஊரில் யாரிடம் என்ன பொருள் இருக்கிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் அது சும்மா கிடக்கிறது என்று எவரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தார்கள். பார்த்தால் பகிர்ந்துகொள்வார்கள் என்று நகராட்சி நம்பியது. ஊரார் ஒருவர் விடாமல் படித்தார்கள். யாரும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. பின்லாந்தில் கேட்பது கஷ்டமான காரியம். பொருள்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. முதலில் துளைபோடும் கருவிகள் கிளம்பின, பிறகு ஏணிகள், அப்புறம் இந்தச் சவுனா.

வெய்யோ ஓய்வுபெற்ற படகோட்டி. பதினோரு வருஷத்துக்கு முன் சிர்க்காவின் சவுனா பனிப் பாரத்தில் இடிந்து விழுந்தபோது, "என்னுடையதில் குளியுங்கள்" என்று சொல்ல நினைத்தார். நினைத்ததோடு சரி. சிர்க்கா இரண்டு குளிர்காலம் காத்திருந்துவிட்டு, பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

டிராக்டர் வைத்துக் குடிலை இழுத்து வந்தார். அடுத்த புதனன்று மறுபடி போனது. பைன் மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார். மரத்தையும் கூட்டிக்கொண்டு போனது. நகராட்சி அலுவலகத்துக்கே போய் நின்றார்.

"என் பேரப் பட்டியல்லேருந்து எடுத்துடும்மா."

"எடுத்துடலாம் ஐயா," என்றாள் அங்கே வேலை பார்க்கும் மார்கெத்தா. "ஆனா உங்க சவுனா ஏற்கெனவே படிச்சிடுச்சே."

ஆள் உள்ளே இருந்தால் நடக்காது என்று கணக்குப் போட்டு, அடுத்த புதன் காலையிலேயே அடுப்பை மூட்டி, இடுப்புத் துண்டோடு உள்ளே உட்கார்ந்தார். பத்து மணிக்குத் தரை ஆடியது. வாளி கவிழ்ந்தது. வேலியைத் தாண்டும்போது பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார். கதவைத் திறந்த சிர்க்கா, குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யோவ், நீயும் பட்டியல்ல இருக்கியா?"

"இல்ல... ஆனா சும்மாதான் கெடக்கேன்."

"வாரத்துக்கு எத்தன மணி நேரம்?"

வெய்யோ யோசித்தார். "நூத்தி அறுபத்தஞ்சு."

"பதினோரு வருஷமா இதச் சொல்லத் தெரியல. தள்ளி ஒக்காரு. தண்ணிய நாந்தான் ஊத்துவேன்."

அடுப்பின் சூடான கற்கள்மேல் ஊற்றினாள், தாராளமாக, குடில் முழுக்க ஆவி கிளம்பும்படி. வெய்யோ நண்டு போலச் சிவந்தார், மூச்சு முட்டியது, எழுந்திருக்க மனம் வரவில்லை.

இப்போது குடில் வியாழக்கிழமைகளில் பள்ளி ஆசிரியர்களிடமும், வெள்ளிக்கிழமைகளில் தபால்காரர் வீட்டுக்கும் போகிறது. அது தெருவைக் கடக்கும் இடத்தில் நகராட்சி வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. வண்டிகள் நிற்கின்றன.